மாரடைப்பு வந்தவர் எழுந்து நடக்கலாமா?



நம்முடைய சபையில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்து வைத்தியசாலையில் சேர்த்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால் நாம் மூன்று காரியங்கள் செய்வோம். ஜெபிப்போம். அவர் வீடு திரும்பியதும் இடியப்பமும் சொதியும் கொண்டுபோவோம். புறப்படும்போது வாசலில் நின்று ஒரு புத்திமதி சொல்வோம்: "இனி ஒண்டும் செய்யாதேங்கோ, பேசாமல் படுத்திருங்கோ." முதல் இரண்டையும் நாம் விடாமல் செய்யவேண்டும். மூன்றாவதைப் பற்றித்தான் இந்த இதழில் எழுத விரும்புகிறோம்.

எங்கள் வீட்டில் தாதிப் பட்டம் படித்து வைத்தியசாலையில் வேலை பார்க்கிற ஆள் இருப்பதால், சொந்தக்காரர், சபையார் எல்லாரும் கேள்வி கேட்பது எங்களுக்குப் பழக்கம். "ஸ்டென்ற் வச்ச பிறகு படி ஏறலாமோ?" "பைபாஸ் செய்த ஆள் கடைக்குப் போகலாமோ?" இரண்டு வருடங்களுக்கு முன், தை மாதத்தில், எங்கள் அப்பாவுக்கே மாரடைப்பு வந்தது. அன்றைக்கு அவருக்கு 61 வயது. அதற்கு முதல் கிழமை வரைக்கும் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தவர். ஸ்டென்ற் வைத்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். வந்த நாளிலிருந்து அம்மா அவரைப் படி ஏற விடவில்லை. கட்டிலை வரவேற்பறைக்குக் கொண்டுவந்தோம். தண்ணீர்ப் போத்தல், மருந்து, ரிமோட் எல்லாம் கையெட்டும் தூரத்தில் இருந்தன. தம்பி வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அவருடைய முகத்தைப் பார்ப்பான். அப்பா எதுவும் கேட்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அப்பா என்றால் எதற்கும் நியாயம் பேசுகிற மனிதர்.

படுத்திருப்பது பாதுகாப்பு என்ற எண்ணம் நம்முடைய மூத்தவர்கள் சும்மா கண்டுபிடித்தது அல்ல. ஒரு காலத்தில் வைத்தியர்களே அப்படித்தான் சொன்னார்கள். மாரடைப்பு வந்தவரை நாலு, ஆறு கிழமைகள் கட்டிலை விட்டு இறங்க விடமாட்டார்கள். 1952 இல் அமெரிக்காவில் சாமுவேல் லெவைன், பேர்னாட் லவுன் என்ற இரண்டு வைத்தியர்கள், நோயாளியைக் கட்டிலில் இருந்து எடுத்து நாற்காலியில் உட்காரவைத்தால் நல்லது என்று எழுதினார்கள். நாற்காலியில் உட்காருவதே அப்போது பெரிய துணிச்சலாகத் தெரிந்தது.

படுக்கை உடலுக்கு என்ன செய்கிறது என்பதை 1966 இல் டாலஸ் நகரில் அளந்து பார்த்தார்கள். சுகமாக இருந்த ஐந்து வாலிபர்கள், ஏறக்குறைய 20 வயதுக்காரர், மூன்று கிழமைகள் முழுக்கக் கட்டிலில் இருந்தார்கள். ஒட்சிசனை உள்வாங்கிப் பயன்படுத்தும் அவர்களுடைய திறன் காற்பங்குக்கு மேல் குறைந்துபோனது. முப்பது வருடம் கழித்து அதே ஐந்து பேரையும் தேடிப்பிடித்து மறுபடி அளந்தார்கள். மூன்று கிழமைப் படுக்கை அவர்களிடமிருந்து எடுத்ததை விட, முப்பது வருட முதுமை எடுத்தது குறைவாக இருந்தது. ஒரு வாலிபனின் உடம்புக்கே இப்படி என்றால், அறுபது வயதில், சலரோகமும் பிரஷரும் உள்ள ஒருவரைக் கட்டிலோடு விட்டால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொரு பழைய ஆராய்ச்சி எங்களுக்கு மிகவும் பிடிக்கும். 1953 இல் ஜெரி மொரிஸ் என்ற வைத்தியர் லண்டன் மாடி பஸ்களில் வேலை செய்தவர்களைப் பற்றி எழுதினார். சாரதி நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். கண்டக்டர் ரிக்கற் கொடுக்க மேல்மாடிக்கும் கீழ்மாடிக்கும் ஏறி இறங்குவார். ஒரே பஸ், ஒரே தெரு, ஒரே கொம்பனி. ஆனால் சாரதிகளுக்கே இருதய நோய் கூடுதலாக வந்தது. யாழ்ப்பாணத்தில் சைக்கிள் மிதித்த நம்முடைய அப்பாமார் இங்கே வந்து கார் ஓட்டுகிறார்கள், ரக் ஓட்டுகிறார்கள், மெஷினுக்கு முன்னால் நிற்கிறார்கள். சாப்பாடு மாறவில்லை. உடம்பின் வேலை மாறிவிட்டது.

ஹமில்ற்றன் நகரத்து மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் சலீம் யூசுப் என்ற வைத்தியர் 52 நாடுகளில் நடத்திய ஆராய்ச்சி ஒன்று உண்டு. முதல் மாரடைப்பு தெற்காசியருக்குச் சராசரியாக 53 வயதில் வந்தது. மற்றவர்களுக்கு அது 59 வயதளவில். இதை ஏன் வாலிபர் இதழில் எழுதுகிறோம் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். இதை வாசிக்கும் பலருடைய அப்பா அம்மாவுக்கு இப்போது அந்த வயது.

இனி விஷயத்துக்கு வருவோம். உடற்பயிற்சியின்போது இருதயம், நுரையீரல், தசை எல்லாம் எப்படி வேலை செய்கின்றன என்று படிக்கிற படிப்புக்கு உடற்பயிற்சி உடலியல் என்று பெயர். அதைப் படித்தவர்கள் ஒரு நோயாளிக்கு எவ்வளவு, எப்படி, எத்தனை நாள் என்று கணக்குப் பார்த்துப் பயிற்சி எழுதிக் கொடுப்பார்கள். சிட்னியில் இருக்கிற எங்கள் சித்தி ரெலிபோனில், "உங்கடை வைத்தியரிட்டைச் சொல்லி எக்சர்சைஸ் பிசியோலொஜிஸ்ற்றிட்டை அனுப்பச் சொல்லுங்கோ" என்றா. அவுஸ்திரேலியாவில் நாட்பட்ட நோயுள்ளவர்களைக் குடும்ப வைத்தியர் இவர்களிடம் அனுப்பலாம், குறிப்பிட்ட சில தடவைகளுக்கு மெடிகெயார் பணமும் கொடுக்கும். ஒன்ராறியோவில் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் அவ்வளவாக அகப்படாது. இங்கே அதே சேவை வேறு பெயர்களில் இருக்கிறது.

முதலாவது பெயர் கினிசியோலொஜிஸ்ற். 2013 சித்திரை முதலாம் திகதி முதல் ஒன்ராறியோவில் இது சட்டப்படி பதிவு செய்யவேண்டிய தொழில். ஒன்ராறியோ கினிசியோலொஜிஸ்ற் கல்லூரியின் பதிவேட்டில் பெயர் இருக்கவேண்டும். அந்தப் பதிவேட்டை யாரும் பார்க்கலாம். இரண்டாவது, கனடிய உடற்பயிற்சி உடலியல் சங்கம் சான்றிதழ் கொடுக்கிற கிளினிக்கல் எக்சர்சைஸ் பிசியோலொஜிஸ்ற். இவர்கள் நோயுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பழகியவர்கள். மூன்றாவது பிசியோதெரபிஸ்ற். இவரை நாம் எல்லாரும் அறிவோம். ஜிம்மில் நிற்கிற பேர்சனல் ட்ரெயினர் வேறு. அந்தப் பெயரை வைத்துக்கொள்ள எந்தச் சட்டப் பதிவும் தேவையில்லை. அவர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஸ்டென்ற் வைத்து ஒரு மாதமான அப்பாவை அவர்களிடம் முதலில் அனுப்பவேண்டாம்.

மாரடைப்பு, ஸ்டென்ற், பைபாஸ், வால்வு ஒப்பரேஷன், இருதயம் பலவீனமாதல், இவற்றில் ஏதாவது நடந்திருந்தால் போகவேண்டிய இடம் கார்டியக் ரீஹாப், அதாவது இருதய மறுவாழ்வுத் திட்டம். மேலே சொன்ன எல்லாரும் ஒரே கூரையின் கீழ், இருதய வைத்தியரின் மேற்பார்வையில், அங்கே வேலை செய்வார்கள். நம்முடைய நகரத்துக்கு இதில் பெரிய பெயர் உண்டு. 1960 களின் பிற்பகுதியில் ரொறொன்ரோவில் டெரன்ஸ் கவனா என்ற வைத்தியர் மாரடைப்பு வந்தவர்களை நடக்கவைத்து, பிறகு மெல்ல ஓடவும் வைத்தார். 1973 இல் அவருடைய நோயாளிகள் சிலர் பொஸ்டன் மரதனில் ஓடினார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. லீசைட் பகுதியில் ரம்சி வீதியில் இருக்கிற ரொறொன்ரோ ரீஹாப் நிலையம் அந்த வேலையின் தொடர்ச்சி. ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு ஸ்காபரோ ஹெல்த் நெற்வேர்க் நடத்துகிற திட்டம் இருக்கிறது. வைத்தியசாலைகள் நடத்துகிற இந்தத் திட்டங்களுக்கு நோயாளி பணம் கட்டத் தேவையில்லை. கார் நிறுத்துகிற காசு மட்டும் கையிலிருந்து போகும்.

அப்பாவின் கதையைச் சொன்னால் வழி விளங்கும். வீட்டுக்கு வரும்போது தந்த கடதாசிக் கட்டில் மருந்துப் பட்டியலுக்குப் பின்னால் ரீஹாப் ரெஃபரல் அனுப்பப்பட்டது என்று ஒரு வரி இருந்தது. இரண்டு கிழமைக்குப் பிறகு ஒரு நாள் பகலில் அழைப்பு வந்திருக்கிறது. இலக்கம் காட்டாத அழைப்பு. ஆங்கிலத்தில் ஒரு பெண் வேகமாகப் பேசினாவாம். ஏதோ விற்கிற ஆட்கள் என்று நினைத்து அப்பா வைத்துவிட்டார். மாலையில் தம்பி சாப்பிடும்போது தற்செயலாக அந்தக் கதை வந்தது. மறுநாள் நாங்கள் திருப்பி அழைத்து நாள் எடுத்தோம். அந்தக் கதை வராமல் போயிருந்தால் அப்பாவின் கோப்பை "விருப்பமில்லை" என்று மூடியிருப்பார்கள்.

முதல் நாள் பரிசோதனை. நெஞ்சில் வயர்கள் ஒட்டி, ஈசிஜி ஓட, ட்ரெட்மில்லில் நடக்கவைத்தார்கள். வேகமும் சாய்வும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். மூச்சு, பிரஷர், இருதயத் துடிப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அம்மா வெளியே வாங்கில் இருந்து கைகளைப் பிசைந்துகொண்டிருந்தா. ஆறு நிமிடம் நடந்தார். வெளியே வந்த அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "ஒண்டும் நடக்கேல்லை" என்றார். மாரடைப்புக்குப் பிறகு அவர் முகம் தெளிந்து நாங்கள் பார்த்தது அன்றைக்குத்தான். எந்த மருந்தும் கொடுக்க முடியாத ஒன்றை அந்த ஆறு நிமிடம் கொடுத்தது: தன் இருதயம் தாங்கும் என்று அவரே கண்டார்.

அந்தப் பரிசோதனையிலிருந்து கணக்குப் பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். 1.6 கிலோமீற்றர் தூரத்தை 24 நிமிடத்தில் நடக்கவேண்டும், கிழமைக்கு ஐந்து நாள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, கடைசி ஐந்து நிமிடமும் மெதுவாக. கிழமைக்கு ஒரு நாள் நிலையத்துக்குப் போகவேண்டும், மற்ற நாட்களில் வீட்டுக்குப் பக்கத்து மோலில் நடக்கலாம். சில கிழமைகளுக்குப் பிறகு சிறிய பாரங்களும் தூக்கவைத்தார்கள். கூடவே சாப்பாடு, மருந்து, மனக்கவலை பற்றிய வகுப்புகள்.

ஒரு விஷயத்தை வாலிபர்கள் கவனிக்கவேண்டும். அப்பாவுக்குத் தம்பி ஸ்மார்ட் வாட்ச் வாங்கிக் கொடுத்தான். அதில் துடிப்பு கூடவேயில்லை என்று இருவரும் கவலைப்பட்டார்கள். மாரடைப்புக்குப் பிறகு பலருக்குக் கொடுக்கிற பீற்றா புளொக்கர் மாத்திரை துடிப்பைக் கட்டிப்போடும். ஆகவே இணையத்தில் இருக்கிற "220 இல் வயதைக் கழி" என்ற கணக்கு இவர்களுக்குப் பொருந்தாது. பேசிப் பார்ப்பதுதான் சுலபமான அளவு. நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது. நிலையத்தில் 6 முதல் 20 வரை இலக்கம் போட்ட ஒரு அட்டையும் காட்டுவார்கள். சுவீடனைச் சேர்ந்த குன்னார் போர்க் உருவாக்கியது. சும்மா இருப்பது 6, இதற்கு மேல் முடியாது என்பது 20. பெரும்பாலும் 11 க்கும் 14 க்கும் இடையில் நிற்கச் சொல்வார்கள். நெஞ்சு இறுகினால், தலை சுற்றினால் உடனே நிறுத்தவேண்டும். நிறுத்தியும் நெஞ்சுவலி போகாவிட்டால் 911.

நடை எப்படி மருந்தாகிறது? தொடர்ந்து பழகிய தசை இரத்தத்திலிருந்து ஒட்சிசனை இன்னும் நன்றாக இழுத்துக்கொள்ளும். அப்போது அதே வேலைக்கு இருதயம் குறைவாக அடித்தால் போதும். இரத்தக் குழாயின் உட்சுவர் விரிந்து கொடுக்கப் பழகும், பிரஷர் இறங்கும். வேலை செய்கிற தசை இன்சுலின் குறைவாக இருந்தாலும் இரத்தத்திலிருந்து சீனியை எடுத்துக்கொள்ளும். சாப்பிட்டபின் நடந்தால் சலரோகக்காரரின் சீனி இறங்குவது இதனால்தான். இன்சுலினோ சில வகை மாத்திரைகளோ எடுப்பவர்களுக்குச் சீனி அளவுக்கு மிஞ்சி இறங்கவும் கூடும். அவர்கள் நடைக்கு முன் அளந்து பார்ப்பது நல்லது, சட்டைப் பையில் இனிப்பு ஏதாவது வைத்திருக்கவேண்டும்.

அப்பா இன்னொன்றையும் அங்கே சொன்னார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்தோம். வைத்தியசாலைகளில் கேட்டால் ரெலிபோன் வழியாகவாவது ஏற்பாடு செய்வார்கள். "பிள்ளையள் இருக்கினம்தானே, அவை சொல்லுவினம்" என்று அப்பா முதலில் மறுத்தார். அந்த மொழிபெயர்ப்பாளர் மூலமாகத்தான், இரவில் கண்ணை மூடினால் எழும்பமாட்டேனோ என்ற பயத்தில் இரண்டு மாதமாகச் சரியாக நித்திரை இல்லை என்று அவர் சொன்னது எங்களுக்குப் பிறகு தெரியவந்தது. பிள்ளைகள் எங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதை அவர் ஒருநாளும் சொல்லியிருக்கமாட்டார். நம்மில் பலர் சின்ன வயதிலிருந்தே பெற்றோருக்கு மொழிபெயர்த்து வளர்ந்தவர்கள். அது நல்ல உதவி. ஆனால் ஒரு தகப்பன் தன் பயத்தைச் சொல்ல அந்நியர் ஒருவர் தேவைப்படுகிற நேரமும் உண்டு.

அம்மாவின் கதை வேறு. அவவுக்குச் சலரோகமும் முழங்கால் வலியும். மாரடைப்பு இல்லாததால் எந்தக் கடதாசியிலும் அவவின் பெயர் இல்லை. அரசாங்கம் பணம் கொடுக்கிற பிசியோதெரபி கிளினிக்குகளுக்கு 65 வயதும் அதற்கு மேலும், 19 வயதும் அதற்குக் கீழும் உள்ளவர்கள் போகலாம். இடைப்பட்ட வயதினர் என்றால் வைத்தியசாலையில் ஒரு இரவாவது தங்கி அந்த நோய்க்குச் சிகிச்சை பெற்றிருக்கவேண்டும், அல்லது அரசாங்க உதவிப் பணம் பெறுபவராக இருக்கவேண்டும். அம்மாவுக்கு 59. தனியாகக் கினிசியோலொஜிஸ்ற்றிடம் போனால் ஒஹிப் கொடுக்காது. வேலைக் காப்புறுதி சிலவற்றில் இருக்கும், கேட்டுப் பார்க்கவேண்டும். கடைசியில் சலரோகக் கல்வித் திட்டம் ஒன்றில் சேர்ந்தா. இப்படியான பல திட்டங்களில் வைத்தியரின் கடிதம் இல்லாமல் நாமே அழைத்துச் சேரலாம். அங்கிருந்து ஒரு பயிற்சி வகுப்புக்கு வழி காட்டினார்கள். இப்போது நாற்காலியில் இருந்து எழுந்து இருக்கிற பயிற்சியைத் தேநீர் கொதிக்கிற நேரத்தில் குசினியிலேயே செய்கிறா. வீட்டுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று அறிய 211 ஐயும், தாதி ஒருவரோடு பேச 811 ஐயும் அழைக்கலாம். இரண்டிலும் தமிழ் வேண்டும் என்று கேட்கலாம். காசு குறைந்தவர்களுக்கு ரொறொன்ரோ மாநகரசபையின் வெல்கம் பொலிசி என்ற கட்டண உதவியும் உண்டு.

எங்களை மிகவும் யோசிக்கவைத்த ஒரு கணக்கைச் சொல்கிறோம். யோர்க் பல்கலைக்கழகத்தின் ஷெரி கிரேசும் அவரோடு சேர்ந்தவர்களும் ஒன்ராறியோவின் 11 வைத்தியசாலைகளில் 2,600 க்கு மேற்பட்ட இருதய நோயாளரைப் பின்தொடர்ந்து 2011 இல் எழுதினார்கள். வழமைபோல வைத்தியர் நினைத்தால் அனுப்புவது என்று விட்ட இடங்களில் 100 பேரில் 29 பேர்தான் ரீஹாபில் சேர்ந்தார்கள். ரெஃபரல் தானாகவே போகும்படி செய்து, கூடவே ஒருவர் நோயாளியோடு அதைப் பற்றிப் பேசிய இடங்களில் 73 பேர் சேர்ந்தார்கள். அதே நோய், அதே மாகாணம். ஒரு கடதாசி தவறாமல் போனதும், ஒரு மனிதர் பக்கத்தில் இருந்து சொன்னதும்தான் வித்தியாசம். சேராமல் போகிறவர்களில் பெண்கள் கூட என்பதும் பல ஆராய்ச்சிகளில் கண்டது. வீட்டில் சமைக்க ஆள் இல்லை, பேரப்பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை என்று சொல்லி நம்முடைய அம்மாமார் விட்டுவிடுவார்கள்.

கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனைக் கட்டிலோடு தூக்கிவந்து கூரையைப் பிரித்து இறக்கிய நாலு பேரின் கதை நாம் ஞாயிறு பாடசாலையில் படித்தது. அவர்களில் ஒருவருடைய பெயரும் எழுதப்படவில்லை. அவர்கள் வைத்தியம் செய்யவில்லை, உள்ளே போக வழி செய்தார்கள். அந்த வேலைக்குத் தாதிப் பட்டம் தேவையில்லை.

ஆகவே, இந்தக் குளிர்காலத்தில் சில காரியங்கள் செய்வோம். நம்முடைய வீட்டிலோ சபையிலோ இருதய நோய் வந்தவர் இருந்தால், "ரீஹாபுக்கு அனுப்பினவையோ?" என்று கேட்போம். இல்லை என்றால், குடும்ப வைத்தியரிடமோ இருதய வைத்தியரிடமோ அடுத்த முறை போகும்போது கேட்கவேண்டிய வரியைக் கடதாசியில் எழுதிக் கொடுப்போம். மாரடைப்பு வந்து மாதங்கள் ஆகியிருந்தாலும் கேட்கலாம். இலக்கம் காட்டாத அழைப்பையும் கொஞ்ச நாளைக்கு எடுக்கச் சொல்வோம். கார் உள்ளவர்கள் கிழமைக்கு ஒரு பின்னேரம் ஒருவரை ஏற்றி இறக்கலாம். அவர்களுடைய வாசலில் பனி கொட்டினால் நாமே போய் அள்ளுவோம். குளிரில் மூச்சைப் பிடித்துக்கொண்டு பனி அள்ளுவது பலவீனமான இருதயத்துக்கு ஆபத்து. நடை வேறு, அது வேறு.

அப்பா ஆறு மாதம் முடித்தார். கடைசிப் பரிசோதனையில் பன்னிரண்டு நிமிடம் நடந்தார். கட்டில் மேல்மாடிக்குத் திரும்பிப் போய்விட்டது. இப்போது எங்களோடு எல்லாவற்றுக்கும் நியாயம் பேசுகிறார், அதிகமாகவே பேசுகிறார். யாருடைய வீட்டிலாவது மாரடைப்பு என்று கேள்விப்பட்டால் அம்மா சொதி வைக்கிறா, அப்பா கூடவே போகிறார். வாசலில் நின்று அவர் சொல்வது இப்போது வேறு: "பயப்படாதேங்கோ. எப்ப ரெஸ்ற் எண்டு சொல்லுங்கோ, நான் கூட வாறன்."